உனக்குக் கீழே எத்தனை பேர்?



சென்ற பெருநாளுக்கு மறுநாள் மேலப்பாளையத்தில் உறவினர் வீடொன்றில் அமர்ந்திருந்தோம். அவ்வீட்டுப் பெண்பிள்ளை தென்காசிக்கு அருகே ஒரு மென்பொருள் நிறுவனத்தில் பணிபுரிகிறாள். வாரம் முழுவதும் அங்கே விடுதியில் தங்கி, வெள்ளி இரவு வீடு திரும்புபவள். அண்மையில் அவளுடைய பதவி மாறியிருந்தது. மென்பொருளைச் சோதித்துப் பார்க்கும் பிரிவிலிருந்து 'புராடக்ட் மேனேஜர்' என்னும் பொறுப்புக்கு வந்திருந்தாள். வாழ்த்துச் சொல்ல வந்த பெரிய மாமா, தேநீர்க் குவளையைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டார்: "மாஷா அல்லாஹ், மேனேஜர் ஆயிட்டியாமே! ஒனக்குக் கீழே எத்தனை பேரு?"

"யாரும் இல்ல மாமா" என்றாள் அவள்.

மாமா வாப்பாவைப் பார்த்தார். வாப்பா விளக்கம் சொல்ல முயன்று பாதியில் நிறுத்திக்கொண்டார். அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்த உம்மாவின் முகத்தில், காலையிலிருந்து இருந்த மகிழ்ச்சி சற்றே குறைந்துபோனதை நாங்கள் கண்டோம். பேச்சு உடனே சவூதி டிக்கெட் விலைக்குத் திரும்பிவிட்டது.

மாமாவின் கேள்வியில் தவறில்லை. அரசு அலுவலகம், வங்கி, பீடிக் கம்பெனி, வளைகுடாவின் பெரிய கடைகள் என்று நாம் அறிந்த இடங்களிலெல்லாம் மேனேஜர் என்பவர் ஆட்களை நடத்துபவர். எத்தனை பேர் அவருக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்களோ அத்தனை உயரம் அவர். இந்த அளவுகோலைக் கொண்டே நம் பிள்ளைகளின் புதிய வேலையையும் அளக்கிறோம். அளவுகோல் பொருந்தாதபோது, வேலையையே குறைவாக எண்ணிவிடுகிறோம். இதனால் பிள்ளைகள் தம் வாழ்க்கையின் முக்கியமான சில முடிவுகளைத் தவறாக எடுப்பதைக் கடந்த சில ஆண்டுகளாகப் பார்த்துவருகிறோம். ஆகவேதான் இதை எழுத நேர்ந்தது.

புராடக்ட் மேனேஜர், தமிழில் தயாரிப்பு மேலாளர், மேலாண்மை செய்வது மனிதர்களை அன்று, ஒரு பொருளை. அப்பொருள் யாருக்காக, எந்தக் குறையைத் தீர்க்க, எந்த வரிசையில் உருவாக வேண்டும் என்பதைத் தீர்மானிப்பதே அவர் வேலை. நிரல் எழுதுவோர் வேறு, திரையை வடிவமைப்போர் வேறு, விற்பவர்கள் வேறு. இவர்களில் ஒருவரும் அவருக்குக் கீழ்ப்பட்டவர் அல்லர். ஆயினும் பொருள் தோற்றால் முதலில் பதில் சொல்ல வேண்டியவர் அவரே. அதிகாரம் இல்லாத பொறுப்பு என்று இதைச் சொல்லலாம்.

இது நமக்கு அந்நியமான ஒன்றா? பத்தமடையில் கோரைப்பாய் நெய்யும் நம் லெப்பைக் குடும்பங்களை எண்ணிப் பாருங்கள். தாமிரபரணிக் கரையோரக் கோரையை அறுத்து, உலர்த்தி, ஓடும் நீரில் ஊறவைத்து, மெல்லிய இழைகளாகக் கிழித்து, பட்டுப்போல் மடித்து வைக்கக்கூடிய பாயாக நெய்பவர்கள் நெசவாளிகள். அதைச் சுமந்து சென்று விற்றவர்கள் வியாபாரிகள். ஆனால் நிக்காஹ் வீட்டாருக்கு மணமகன், மணமகள் பெயர் நெய்த பாய் வேண்டும் என்ற விருப்பத்தை முதலில் காதில் வாங்கி, அதற்கு எவ்வளவு இழை, எத்தனை நாள், என்ன விலை என்று கணக்கிட்டு, 'இதைச் செய்வோம், அது இப்போது வேண்டாம்' என்று நெசவாளியிடமும் வியாபாரியிடமும் பேசி இணக்கியவர் ஒருவர் இருந்திருப்பார். அவருக்கு நாம் பட்டம் எதுவும் சூட்டவில்லை. மென்பொருள் உலகம் சூட்டியிருக்கிறது, வேறுபாடு அவ்வளவே.

பட்டத்தின் வரலாறு சோப்பில் தொடங்குகிறது. 1931-ஆம் ஆண்டு அமெரிக்காவில் புராக்டர் அண்டு கேம்பிள் நிறுவனத்தில் கேமே என்ற சோப்பின் விளம்பரத்தைக் கவனித்துக்கொண்டிருந்த நீல் மெக்எல்ராய் என்ற இளைஞர், மேலிடத்துக்கு ஒரு குறிப்பு எழுதினார். அதே நிறுவனத்தின் ஐவரி சோப்பின் நிழலில் கேமே மங்கிக் கிடந்தது. ஒவ்வொரு பொருளுக்கும் அதன் வெற்றி தோல்வி முழுவதையும் தன் தலைமேல் ஏற்கும் ஒருவர் வேண்டும் என்பதே அக்குறிப்பின் சாரம். பின்னாளில் அவர் அந்நிறுவனத்தின் தலைவரானார். 1957-இல் அமெரிக்காவின் பாதுகாப்பு அமைச்சராகவும் ஆனார். அந்தச் சிந்தனை பல பத்தாண்டுகள் கழித்து மென்பொருள் நிறுவனங்களுக்குள் நுழைந்தது. 2002-இல் கூகுள், கல்லூரியிலிருந்து புதிதாக வெளிவருவோரை நேராகவே இப்பணியில் அமர்த்திப் பயிற்றுவிக்கத் தொடங்கியது. அதே நிறுவனத்தில் 2004-இல் புராடக்ட் மேனேஜராகச் சேர்ந்து, உலாவியின் ஓரத்தில் ஒட்டிக்கொள்ளும் ஒரு சிறு தேடற்பட்டையைக் கவனித்துவந்தவர்தாம் மதுரையில் பிறந்த சுந்தர் பிச்சை. 2008-இல் வெளிவந்த குரோம் உலாவி அவர் பொறுப்பில் வளர்ந்தது. 2015-இல் கூகுளின் தலைமைச் செயல் அதிகாரி ஆனார். அவர் படிப்பையும் சம்பளத்தையும் நம் வீடுகளில் மனப்பாடமாகச் சொல்வார்கள். அவர் ஏறிய ஏணி இந்த ஏணிதான் என்பதை மட்டும் பலர் கவனிப்பதில்லை.

அவ்வளவு தூரம் போக வேண்டியதும் இல்லை. சீவலப்பேரி அருகே தாமிரபரணியில் வந்து கலக்கும் சிற்றாற்றின் கரையிலேயே நமக்குச் சான்று இருக்கிறது. 2019 நவம்பரில் தனி மாவட்டமாகும் வரை நெல்லை மாவட்டமாகவே இருந்த தென்காசியின் மத்தளம்பாறையில், ஸோஹோ நிறுவனம் அலுவலகம் அமைத்துப் பத்தாண்டுகளுக்கு மேலாகிறது. வாடிக்கையாளர் குறைகளைப் பதிவு செய்து தீர்க்க உதவும் 'ஸோஹோ டெஸ்க்' என்னும் மென்பொருள் அங்கிருந்தே உருவாக்கப்பட்டது. 2004-இல் தொடங்கிய அந்நிறுவனத்தின் பயிற்சிப் பள்ளி, பன்னிரண்டாம் வகுப்போ டிப்ளமாவோ முடித்த பிள்ளைகளைக் கட்டணமின்றிச் சேர்த்து, உதவித்தொகையும் அளித்துப் பயிற்றுகிறது. தென்காசியிலும் அப்பள்ளி நடக்கிறது. இடையில் வேலையை விட்ட பெண்கள் மீண்டும் பணிக்குத் திரும்ப 'மறுபடி' என்ற பயிற்சியையும் அதே பள்ளி நடத்திவந்துள்ளது. குற்றாலத்துக்குச் சாரல் பார்க்கப் போகும் நம் குடும்பங்களில் எத்தனை பேர் வழியில் இறங்கி இதைப் பற்றி விசாரித்திருப்போம்?

அதே நிறுவனத்திலிருந்து இன்னொரு வழியும் கிளைத்தது. திருச்சிக்காரரான கிரீஷ் மாத்ருபூதம் அங்கே சேர்ந்தது, வாங்குவதற்கு முன் வாடிக்கையாளருக்கு மென்பொருளை விளக்கிக் காட்டும் பொறியாளராக. பின்பு தயாரிப்பு மேலாண்மைக்கு மாறி, அப்பிரிவின் துணைத் தலைவர் வரை உயர்ந்தார். 2010-இல் வெளியேறி, பின்னாளில் ஃப்ரெஷ்வொர்க்ஸ் என்று பெயர்பெற்ற நிறுவனத்தைச் சென்னையில் தொடங்கினார். 2021 செப்டம்பரில் அது அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச் சந்தையில் இடம்பெற்றது. வாடிக்கையாளரின் கேள்விகளுக்குப் பதில் சொல்லும் மேசையிலிருந்து ஏணி தொடங்கியிருக்கிறது என்பதை இங்கே கவனிக்க வேண்டுகிறோம்.

ஏனெனில் நம் பிள்ளைகளில் பலர் அந்த மேசையில்தான் இருக்கிறார்கள். வாடிக்கையாளர் உதவிப் பிரிவு, சோதனைப் பிரிவு என்றால் வீட்டில் ஒரு தயக்கம். 'கோடிங் வேலை கிடைக்கவில்லையா?' என்று ஒரு கேள்வி. உண்மையில் ஒரு மென்பொருளால் மனிதர்கள் எங்கே எரிச்சல் அடைகிறார்கள் என்பது நாள்தோறும் அவர்களுக்கே முதலில் தெரியவருகிறது. அந்த எரிச்சல்களை எண்ணி, வகைப்படுத்தி, 'இந்த மாதம் வந்த குறைகளில் பெரும்பங்கு இந்த ஒரு திரையால் வருகிறது. இதை இப்படி மாற்றலாம்' என்று எழுதிக் கொடுக்கும் பிள்ளை, பட்டம் வருமுன்பே புராடக்ட் மேனேஜர் வேலையைச் செய்யத் தொடங்கிவிடுகிறாள். நாங்கள் சொன்ன பெண்பிள்ளை இந்தப் பொறுப்புக்கு வந்தது இவ்வழியில்தான். வாப்பாவின் ஜவுளிக்கடைக் கல்லாவில் பள்ளி விடுமுறைகளில் நின்றவள் அவள். வாடிக்கையாளர் 'வேறு நிறம் காட்டுங்கள்' என்று சொல்லும்போது உண்மையில் விலையைத்தான் சொல்கிறார் என்பதை அங்கேயே கற்றுக்கொண்டதாகச் சிரித்துக்கொண்டு சொன்னாள். கடை நடத்தும் சமூகத்தின் பிள்ளைகளுக்கு இது ஒரு முதல். அதை நாம் முதலாக எண்ணுவதில்லை.

இனி ஏணியின் படிகள். பெயர்கள் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். பொதுவாக, முதற்படி அசோசியேட் புராடக்ட் மேனேஜர். ஒரு சிறு வசதியை, பிறர் வரையறுத்துக் கொடுத்த சிக்கலை, தெளிவாக எழுதி, உருவாக்கி முடிக்கச் செய்வது அவர் வேலை. அடுத்தது புராடக்ட் மேனேஜர். மென்பொருளின் ஒரு பகுதி முழுவதும் அவர் பொறுப்பு. மூன்றாவது சீனியர் புராடக்ட் மேனேஜர். இங்கேதான் உண்மையான தாண்டல் இருக்கிறது. முதலிரு படிகளில் 'இந்தச் சிக்கலைத் தீர்' என்று ஒருவர் சொல்லுவார். மூன்றாம் படியில் எவரும் சொல்லமாட்டார். தீர்க்கத் தக்க சிக்கல் எது என்பதைக் கண்டுபிடிப்பதே வேலையாகிவிடும். 'வேண்டாம்' என்று சொல்லக் கற்றுக்கொள்வதும் இப்படியில்தான். பத்து வாடிக்கையாளர் பத்து விதமாகக் கேட்பார்கள். பத்தையும் செய்பவர் எதையும் செய்யாதவராகிவிடுவார். விற்பனைப் பிரிவின் கோபத்தைத் தாங்கிக்கொண்டு, காரணம் காட்டி, எட்டை மறுத்து இரண்டைத் தேர்கிற துணிவு ஓராண்டில் வருவதன்று.

மூன்றாம் படிக்கு மேல் ஏணி இரண்டாகப் பிரிகிறது. ஒரு கிளை ஆட்களை நடத்தும் கிளை: குரூப் புராடக்ட் மேனேஜர், டைரக்டர், வைஸ் பிரசிடென்ட், முடிவில் சீஃப் புராடக்ட் ஆபீசர். மாமா கேட்ட 'எத்தனை பேர்?' என்ற கேள்விக்கு இங்கேதான் முதன்முதலாக ஒரு விடை கிடைக்கும். மற்றொரு கிளை, பிரின்சிபல் புராடக்ட் மேனேஜர் என்பது போன்ற பெயர்களில், கடைசிவரை எவரையும் நடத்தாமல், மிகக் கடினமான பொருளை மட்டும் நடத்தும் கிளை. வளர்ந்த நிறுவனங்களில் இரண்டுக்கும் மதிப்பும் ஊதியமும் இணையாகவே அமைக்கப்படுகின்றன. சிறிய நிறுவனங்கள் பலவற்றில் இரண்டாவது கிளை இன்னும் முளைக்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இந்தப் பிரிவில்தான் நம் வீடுகள் தவறு செய்கின்றன என்பது எங்கள் கருத்து. ஆட்களை நடத்தும் கிளையே உயர்வு, மற்றது தேக்கம் என்று முடிவு செய்துவிடுகிறோம். நமக்குத் தெரிந்த இளைஞர் ஒருவர், பெங்களூரில் ஒரு நல்ல பொருளில் மூன்றாண்டு ஊன்றி நின்றவர். பெண் பார்க்கும் பேச்சு தொடங்கியதும், விசிட்டிங் கார்டில் 'ஹெட்' என்ற சொல் இருந்தால் நன்றாயிருக்கும் என்று வீட்டில் சொன்னார்கள். அவரும் பெயரளவில் பெரிய பதவி தருவதாகச் சொன்ன ஒரு சிறு நிறுவனத்துக்கு மாறினார். ஆறு பேர் அவருக்குக் கீழே இருந்தார்கள். பொருளை வாங்க ஆறு பேர் இல்லை. பதினோரு மாதத்தில் அந்நிறுவனம் ஆட்களைக் குறைத்தது. அடுத்த நேர்முகத்தில் அவரிடம் கேட்கப்பட்டது ஒரே கேள்வி: 'நீங்கள் எடுத்த முடிவால் எது மாறியது?' சொல்வதற்கு அவரிடம் இருந்தது பழைய நிறுவனத்தின் கதை மட்டுமே. அல்ஹம்துலில்லாஹ், இப்போது வேறிடத்தில் இருக்கிறார், ஒரு படி கீழே. அவரைக் குறை கூற இதைச் சொல்லவில்லை. விசிட்டிங் கார்டைக் கேட்டவர்கள் நாம்.

இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துவிடுவது நல்லது. கங்கைகொண்டானில் எல்காட் பூங்கா வந்தபோதும், சின்டெல் அங்கே வளாகம் அமைத்தபோதும் நெல்லையில் ஐ.டி. வேலை என்றால் இதுதான் என்ற ஒரு பிம்பம் ஏற்பட்டது. அவை சேவை வகை. வெளிநாட்டு வாடிக்கையாளர் கேட்டதைக் கேட்டபடி குறித்த நாளில் செய்து கொடுப்பது. அங்கே ஏணியில் புராஜெக்ட் மேனேஜர், டெலிவரி மேனேஜர் என்ற பெயர்கள் வரும். ஆட்களும் கீழே இருப்பார்கள். புராஜெக்ட், புராடக்ட் என்னும் இரு சொற்களின் ஒலி நெருக்கத்தால் நம்மவர்கள் இரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறார்கள். முன்னவர் 'எப்போது முடியும்?' என்பதற்குப் பொறுப்பு. பின்னவர் 'எதற்காக இதைச் செய்கிறோம்?' என்பதற்குப் பொறுப்பு. இரண்டும் நேர்மையான, நல்ல வேலைகள். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறலாம். ஆனால் அம்மாற்றம் தானாக வருவதில்லை, பலர் ஒரு படி இறங்கியே மாறுகிறார்கள். பிள்ளை எந்த ஏணியில் நிற்கிறான் என்று தெரியாமல் பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடுவது வீணான மனவருத்தத்தில் முடியும்.

பெண்பிள்ளைகள் விஷயத்தில் நாம் இன்னும் வெளிப்படையாகப் பேச வேண்டியிருக்கிறது. பெரும்பாலும் இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயதில் வேலைக்குச் சேர்கிறார்கள். முதற்படியிலிருந்து மூன்றாம் படிக்கு முன்னேறும் காலம் ஏறத்தாழ இருபத்தைந்திலிருந்து முப்பதுக்குள். நிக்காஹ், முதற் குழந்தை, சில வேளை மாப்பிள்ளையுடன் துபாய்க்கோ ரியாத்துக்கோ இடம்பெயர்வது யாவும் அதே ஆண்டுகளில் வருகின்றன. இதில் எதையும் நாம் தவறென்று சொல்லவில்லை. குடும்பம் அமைவது நிஃமத். ஆனால் 'வேலையை விடவேண்டும்' என்பது இன்று நம் பகுதியில் நிபந்தனையாகப் பேசப்படுவதை விட, பேசப்படாமலே முடிவாகிவிடுவதுதான் அதிகம். அந்தப் பிள்ளை என்ன வேலை செய்கிறாள், அதை எங்கிருந்து செய்யலாம், எத்தனை மாதம் நிறுத்தினால் திரும்ப முடியும் என்ற கேள்விகள் எவராலும் கேட்கப்படுவதில்லை. சீர், நகை, மண்டபம் பற்றிய பேச்சு மூன்று அமர்வு நடக்கும். இதற்கு மூன்று நிமிடம் கிடைக்காது.

இந்தப் பணியின் இயல்பு நம் பெண்களுக்குப் பெரிதும் ஏற்றது என்றே நாங்கள் நினைக்கிறோம். கேட்பது, எழுதுவது, காரணம் காட்டிப் பேசுவது ஆகியவை இதன் கருவிகள். தென்காசியில் அமர்ந்து உலகம் முழுவதுக்கும் ஒரு மென்பொருளை உருவாக்க முடியும் என்பது கண்முன் நிறுவப்பட்டுவிட்டது. எனினும் மிகைப்படுத்தியும் சொல்லக்கூடாது. நேர வேறுபாட்டால் இரவுக் கூட்டங்கள் வரும். மேல்படிகளில் பயணம் வரும். பல நிறுவனங்கள் வாரத்தில் சில நாளாவது நேரில் வரச் சொல்கின்றன. இவற்றை அந்தப் பிள்ளையும் மாப்பிள்ளை வீட்டாரும் முன்கூட்டியே அறிந்து பேசி முடிவெடுக்கட்டும். அறிந்தபின் அவளே 'எனக்கு இப்போது குழந்தைதான்' என்று முடிவெடுத்தால் அதற்கு நம் துஆ. அறியாமலே முடிந்துபோவதைத்தான் நாங்கள் ஏற்கவில்லை.

ஹலால், ஹராம் பற்றிய கேள்வி இப்பணியில் மற்ற ஐ.டி. வேலைகளை விடக் கூர்மையானது. நிரல் எழுதுபவர் 'சொன்னதைச் செய்தேன்' என்று சொல்ல ஓரளவு இடமுண்டு. எதைச் செய்வது என்று தீர்மானிப்பவருக்கு அந்த இடம் இல்லை. உடனடிக் கடன் செயலிகளில், கடன்காரர் வட்டியின் மொத்தத் தொகையை உணராதபடி திரையை அமைப்பதும், தேவையற்ற காப்பீட்டை முன்கூட்டியே தேர்வு செய்து வைப்பதும், வெளியேறும் பொத்தானை ஒளித்து வைப்பதும் ஏதோ ஓர் அறையில் ஒரு புராடக்ட் மேனேஜர் எடுத்த முடிவுகள். இத்தகைய மறைமுக ஏமாற்று வடிவங்கள் 13-ஐப் பட்டியலிட்டு, மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் விதிமுறை வெளியிட்டது. பணம் வைத்து விளையாடும் இணைய விளையாட்டுகளைத் தமிழ்நாடு 2022-இல் சட்டம் இயற்றிக் கட்டுப்படுத்தியது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நாடு முழுவதற்குமாகத் தடைச் சட்டம் நிறைவேற்றியது. அதற்கு முன்புவரை அத்துறையில் நம் பிள்ளைகளுக்கும் பெரிய ஊதியங்கள் நீட்டப்பட்டன, சிலர் சென்றார்கள். சட்டம் தடுக்குமுன் மார்க்கம் தடுத்திருந்ததை நாம் அவர்களிடம் சொன்னோமா, அல்லது சம்பளத்தைக் கேட்டு 'மாஷா அல்லாஹ்' சொன்னோமா?

பிறர் பொருளைப் பொறுப்பேற்று நடத்துவது நமக்குப் புதிதன்று. நபி (ஸல்) அவர்கள் நுபுவ்வத்துக்கு முன், கதீஜா (ரலி) அவர்களின் சரக்கை ஏற்று ஷாம் தேசத்துக்கு வணிகம் சென்றார்கள். முதல் அவர்களுடையதன்று, பொறுப்பும் நாணயமும் அவர்களுடையவை. அமானிதம் என்ற சொல்லை மக்தபில் ஓதிய பிள்ளைக்கு, 'வாடிக்கையாளர் இந்தத் திரையில் எதை அறியாமல் ஒப்புக்கொள்கிறார்?' என்ற கேள்வியை அலுவலகக் கூட்டத்தில் எழுப்பும் துணிவு வரவேண்டும். அப்படி எழுப்பிய ஒருவரை அறிவோம். முதல் இருமுறை அவரைச் சிரித்துக் கடந்தார்கள். மூன்றாம் முறை, ஏமாந்த வாடிக்கையாளர்கள் எத்தனை பேர் விலகிப் போனார்கள் என்ற எண்ணிக்கையை எடுத்துச் சென்றார். அந்தத் திரை மாறியது. எல்லா இடத்திலும் மாறும் என்று சொல்ல இயலாது. மாறாத இடத்தில் ரிஸ்க் அளிப்பவன் அந்நிறுவனத்தின் முதலாளி அல்லன் என்று நம்பி வேறு வேலை தேட வேண்டியதுதான். அப்போது மூன்று மாதச் செலவை ஏற்றுக்கொண்டு, 'ஏன் விட்டாய்?' என்று குடையாத ஒரு வீடு அவனுக்கு வேண்டும்.

ஊர்மாற்றம் பற்றி ஒரு சொல். கடையநல்லூர் நெசவாளிகள் தறி ஓய்ந்தபோது சிங்கப்பூர் சென்றார்கள். 1941-இலேயே அங்கே தங்களுக்கென ஒரு சங்கம் கண்டார்கள். அங்கே புதிதாய் வந்திறங்கியவனுக்குத் தங்க இடமும் முதல் வேலையும் காட்டிக் கொடுத்தவர்கள் முன்னரே சென்ற ஊர்க்காரர்கள். காயல்பட்டினத்தாரின் கடல்வணிகமும் இவ்வாறே வளர்ந்தது. இன்று சென்னையிலும் பெங்களூரிலும் துபாயிலும் மென்பொருள் நிறுவனங்களின் நடுப்படிகளில் நம் பகுதிப் பிள்ளைகள் கணிசமாக இருக்கிறார்கள். ஆனால் ஒருவரை ஒருவர் அறியார். ரஹ்மத் நகரில் 1971-இல் தொடங்கிய சதக்கத்துல்லாஹ் அப்பா கல்லூரியில் இறுதியாண்டு படிக்கும் மாணவிக்கு, இந்த ஏணியில் ஐந்து ஆண்டு முன்னே நிற்கும் தன் தெருக்காரியின் தொலைபேசி எண் தெரியாது. ஜமாஅத்துகள் ஆண்டுக்கொருமுறை நடத்தும் வழிகாட்டி நிகழ்ச்சியில் மேடையில் ஐந்து பிரமுகர், கீழே முந்நூறு பிள்ளைகள். சால்வை, கேடயம், பிரியாணி. நாங்களும் அம்மேடைகளில் அமர்ந்திருக்கிறோம், மறைப்பதற்கில்லை.

அதற்குப் பதிலாக, மாதம் ஒரு ஞாயிறு, அஸருக்குப் பின் ஒரு மணி நேரம், பள்ளிவாசல் மாடியிலோ மதரஸா அறையிலோ, பெண்களுக்குத் தனி அமர்வாக, நடுப்படியில் இருக்கும் ஒருவரும் பத்துப் பிள்ளைகளும் அமர்ந்தால் போதும். சொற்பொழிவு வேண்டியதில்லை. அந்தப் பத்துப் பேரும் தாம் நாள்தோறும் பயன்படுத்தும் ஒரு செயலியை எடுத்து, அதில் தம் உம்மாவால் எதைச் செய்ய இயலவில்லை என்று பார்த்து ஒரு பக்கம் எழுதி வரட்டும். பேருந்து முன்பதிவோ, மின்கட்டணமோ, ரேஷன் அட்டைத் திருத்தமோ எதுவாயினும் ஆகட்டும். வந்தவர் அதைப் படித்து, 'இது உன் ஊகம். இது நீ நேரில் கண்டது' என்று பிரித்துக் காட்டட்டும். நேர்முகங்களில் கேட்கப்படுவது பெரும்பாலும் இத்தகைய கேள்விதான். விவரணம் எழுதும் வேலையில் பாதியைச் செயற்கை நுண்ணறிவு செய்துவிடும் இந்நாளில், நேரில் கண்டறிந்து வருவதன் மதிப்பு கூடியிருக்கிறதே தவிரக் குறையவில்லை. இதற்குச் செலவு தேநீர்தான்.

பெருநாள் வீட்டுப் பிள்ளைக்குச் சென்ற மாதம் ஒரு மாப்பிள்ளை பேச்சு வந்திருக்கிறது. பையன் ஷார்ஜாவில் கணக்காளர்; நல்ல குடும்பம். வாப்பா எங்களை அழைத்து, என்ன கேட்க வேண்டும் என்று யோசனை கேட்டார். மூன்று சொன்னோம். அவளுடைய இப்போதைய பொருள் முடிந்து வெளிவர எத்தனை மாதம் இருக்கிறது, அதற்குப் பின் நிக்காஹ் வைத்தால் அவர்களுக்குச் சம்மதமா என்பது ஒன்று. ஷார்ஜாவிலிருந்து வேலையைத் தொடர நிறுவனம் இசையுமா என்று அவளே எழுத்தில் கேட்டு வாங்கட்டும் என்பது இரண்டு. மூன்றாவது, இந்தப் பேச்சில் அவளும் உட்கார்ந்திருக்க வேண்டும் என்பது. முதல் இரண்டுக்கும் வாப்பா உடனே இசைந்தார். மூன்றாவதுக்கு, உம்மாவிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றிருக்கிறார்.